துக்க வீட்டில் நீ சொல்லாமல் வந்தது

தம்பி,

நேற்று மத்தியானம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றேன். பொய். யாரும் இல்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வளையல் பெட்டிகளுக்கு நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்ட எதற்கும் நான் இதுவரை பதில் இல்லாமல் நின்றதில்லை. தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன், வியாபாரிக்கு அது கை வந்த கலை. நேற்று அதுகூட வரவில்லை. நேரில் பேசலாம் என்றால் நான் சத்தம் போடுவேன், நீ தலையைக் குனிந்து போனை நோண்டுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் எனக்கே ஏதாவது பிடிபடுகிறதா என்று பார்க்கலாம்.

நீ கேட்டது இதுதான்: "அம்மா, குமரன் அண்ணனோட முறுக்குக் கடைய மால்ல இருந்து எடுக்கச் சொல்லி திங்கக்கிழமைக்குள்ள நான் கையெழுத்துப் போடணுமாம். போடவா? இல்ல, வேலய விட்டுட்டு உங்க கடைக்கே வந்துரவா?"

உன் வேலை எனக்கு முழுசாகப் புரிந்ததே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்ளோமா முடித்துவிட்டு நீ பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்தபோது, உன்னை விவரம் சொல்லும் மேசையில் உட்கார வைத்தார்கள். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் சட்டை நிறத்தை மூன்று மொழியில் மைக்கில் சொல்வாய். அதற்கு ஒரு சம்பளமா என்று நான் உன் அப்பாவிடம் கேட்டேன். பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். டிக்கெட்டைத் தொலைத்தவர்கள் எல்லாம் உன்னைத் திட்டினார்கள். அப்புறம் மேடை போடுகிற வேலை, சீனப் பெருநாளுக்கு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குப் பந்தல், நமக்குக் கோலம். அப்புறம் கோலாலம்பூருக்குப் போய்க் கடைகளை வாடகைக்கு எடுக்க ஆள் பிடிக்கும் வேலை. அங்கிருந்து திரும்பி வந்து ஏர்கான், மின்படிக்கட்டு, கழிவறை, கூரை ஒழுகல் என்று எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு என்றார்கள். கடைசியில் மேனேஜர். உன் அப்பா சொந்தக்காரர்களிடம் எல்லாம், என் மகன் மால் வைத்திருக்கிறான் என்றே சொல்லி வந்தார். நானும் திருத்தவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது நீ என்னதான் விற்கிறாய் என்று உன்னிடம் கேட்டேன். "ஒண்ணும் விக்கலம்மா, ஜனங்கள நடக்க வைக்கிறேன்" என்றாய். அன்று சிரித்தேன். இப்போது யோசித்தால் அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது என்று படுகிறது.

ஏனென்றால் நடக்கிற ஜனங்களை வைத்துத்தான் நானும் பிழைத்தேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆள் வேண்டாம் என்றார்கள். ஈப்போவுக்கு வந்து, கையில் இருந்ததைப் போட்டு ரெடிமேட் துணி வாங்கி, இரவுச் சந்தைகளில் விற்கத் தொடங்கினேன், வளையல் கடையெல்லாம் பிறகு வந்தது. நீ துணி மூட்டை மேல் படுத்துத் தூங்கினவன், உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சந்தையில் எனக்குப் பக்கத்து இடத்தில் காக் யா என்ற மலாய்க்கார அம்மா பலகாரம் விற்றாள். திடீரென்று அவள் புருஷன் தவறிப்போனார். அவர்கள் வழக்கப்படி அவள் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வரக்கூடாது, இத்தா இருக்க வேண்டும். அவள் இடம் இருட்டாகக் கிடந்தது. சந்தையில் ஒரு இடம் இருண்டால் என்ன ஆகும் என்று எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜனங்கள் அந்த இருட்டு வரை வருவார்கள், சந்தை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். இருட்டுக்கு அந்தப் பக்கம் கடை போட்டவன் ஈ ஓட்டிக்கொண்டு நிற்பான்.

நான் என் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து அவள் இடத்தில் ஒரு பல்பு போட்டேன். வெறும் தரைக்கு எதற்கு வெளிச்சம் என்று, என் சட்டைகளையும் அங்கே பரப்பினேன். வேறு யாரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் நான் காவல் காத்தேன் என்றும் சொல்லலாம். நல்ல இடத்தில் இரண்டு பங்கு சரக்கு போட்டு விற்றேன் என்றும் சொல்லலாம். இரண்டும் நிஜம். அவள் திரும்பி வந்த அன்று என் துணியை மளமளவென்று சுருட்டிக்கொண்டு நகர்ந்தேன். அவள் நன்றி சொன்னாள், ஒரு பொட்டலம் பலகாரமும் கொடுத்தாள். கொஞ்ச நாளில் கமுந்திங் பக்கம் வேறு சந்தைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு வீடு கிடைத்ததால் போனாளா, நான் செய்ததைப் பார்த்து மனது விட்டுப்போய்ப் போனாளா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. இதை வைத்து உனக்கு ஒரு பாடம் சொல்லலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதிப் பார்த்தால் பாடம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியவில்லை.

குமரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அம்மா தவறியது தீபாவளி நெருங்கும் சமயம். முறுக்குக் கடைக்காரனுக்கு வருஷம் முழுக்க உழைத்தது அப்போதுதான் கைக்கு வரும். ஆனால் துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. கருமாதி முடியும்வரை வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். பெற்ற மகன், பேரங்காடியில் நாலு பேர் வேடிக்கை பார்க்க முறுக்குப் பிழிந்துகொண்டு நிற்பானா? இழுத்துப் பூட்டினான். உன் ஆபீசுக்குப் போன் பண்ணித் தகவலும் சொன்னான். உன் ஆபீசில் இருந்தவர், எழுத்தில் கொடுங்கள் என்றாராம். பெருநாளுக்கு அடைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள், சரி. சாவுக்கு யார் முன்கூட்டி எழுதிக் கொடுப்பார்கள்? தொடர்ந்து சில நாள் பூட்டியிருந்தால் கதவில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்பது உங்கள் சட்டம். ஒட்டினார்கள். அதை எவனோ படம் பிடித்தான். தமிழன் மேனேஜர் தாய் செத்த தமிழன் கடையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான் என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான். வளையல் வாங்க வந்த ஒருத்தி அந்தப் படத்தை என்னிடமே காட்டி, இப்படியும் ஒரு பிள்ளையைப் பெத்திருக்காங்களே என்றாள். அவள் கேட்ட அளவு வளையலை எடுத்துக் கொடுத்தேன். என் பிள்ளை என்று சொல்லவில்லை. அதை நினைத்தால் அவள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் எனக்கு அதிகம் வருகிறது.

அன்று மாலை போனில் உன்னைத் திட்டினேன். நீ மெதுவாகச் சொன்னாய்: போன வருஷம் ஒரு மலாய்க்காரப் பையன் செருப்புக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனான், அவனுக்கும் ஒட்டினேன். அவன் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது குமரன் அண்ணனுக்கு ஒட்டாவிட்டால், தமிழனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ கேட்டது நியாயம். அதனால்தான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

மறுநாள் உனக்குச் சொல்லாமல் உன் பேரங்காடிக்கு வந்தேன். நீ மேல்மாடியில் ஆபீசில் இருந்திருப்பாய். குமரன் கடை இருக்கிற வரிசையில் நடந்தேன். நோட்டீசை அதற்குள் எடுத்துவிட்டிருந்தாய், ஒட்டின பசை மட்டும் கதவில் இருந்தது. முறுக்குச் சுடுகிற வாசனை இல்லாமல் அந்த வரிசையே செத்துக் கிடந்தது. கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது, இருட்டைப் பார்த்தது, திரும்பிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கைப்பைக் கடைச் சீனப் பெண்ணிடம் ஒரு பை விலை பேசுகிற மாதிரிப் பேச்சுக் கொடுத்தேன். குமரன் நல்லவன், அவன் அம்மா சாவுக்குச் சீனர் வழக்கப்படி வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். அதே மூச்சில், கடை இருட்டாக இருக்கிறது என்று ஆபீசில் புகார் கொடுத்ததும் நான்தான் என்றாள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்? துக்கத்துக்கு ஒரு கை, வாடகைக்கு ஒரு கை. நானாக இருந்தாலும் இரண்டையும் செய்திருப்பேன். அங்கே நிற்கும்போதுதான் நீ செய்தது தப்பு என்கிற என் கட்சி ஆட்டம் காண ஆரம்பித்தது.

கருமாதிக்கு நான் போனேன். நீ வரவில்லை. வராதது நல்லது என்று நினைத்தாயோ என்னவோ. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மொட்டைத் தலையோடு குமரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அண்ணன் தண்ணீர் பாட்டில்களை அடுக்கியபடியே, எனக்குக் கேட்கட்டும் என்று யாரிடமோ சொன்னார்: "ஆன்ட்டி மகன் பெரிய மேனேஜரு. நாமெல்லாம் இனி செத்தாலும் லைட்ட போட்டுட்டுத்தான் சாவணும்." நாலைந்து பேர் சிரித்தார்கள். குமரன் சிரிக்கவில்லை.

"நோட்டீஸ் ஒட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல ஆன்ட்டி. சட்டம்னா சட்டம்தான்லா. அதுக்கு முந்தின நாளு உங்க மகன் இங்க வந்தான். நாற்காலி எல்லாம் அவன்தான் தூக்கிப் போட்டான். எம் பக்கத்துலயே ரொம்ப நேரம் குந்திக்கிட்டு இருந்தான். நாளைக்கு ஒட்டப்போறாங்கன்னு அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

சாவு வீட்டில் வந்து எப்படியப்பா கடைப் பேச்சு பேசுவான் என்று கேட்டேன்.

குமரன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "பேசியிருந்தா அன்னிக்கே அவன வெளிய போகச் சொல்லியிருப்பேன். பேசாததும் கோவமாத்தான் இருக்கு. எனக்கே புரியல ஆன்ட்டி."

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. துக்க வீட்டில் வியாபாரம் பேசக்கூடாது, வந்தேன் என்று சொல்லக்கூடாது, போகிறேன் என்றும் சொல்லக்கூடாது, உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். நீ அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாய். ஆபீஸ் சட்டத்தையும் அப்படியே செய்திருக்கிறாய். இரண்டு இடத்திலும் நீ ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறாய். ஆனாலும் ஒரு மனுஷன், தன் தாய்க்குக் கொள்ளி போட்ட கையோடு, தன் கடைக் கதவில் ஒட்டியிருந்ததை அடுத்தவன் அனுப்பிய போட்டோவில் பார்த்திருக்கிறான். யார் மேல் தப்பு என்று நான் பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். வழக்கத்தின் மேலா, சட்டத்தின் மேலா, உன் மேலா, சொல்லிக் கொடுத்த என் மேலா? இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பாதித் தூரம் வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தணிந்த மாதிரி இருந்தது. குமரன் கடையைத் திறந்தான். அவன் வீட்டுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை, பிழைப்புக்கு உண்டு. முறுக்கு வாங்க வரிசை நிற்கிறது என்று நீயே சொன்னாய், உன் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அப்புறம்தான் நேற்று இந்தப் போன். அந்த இடத்தைக் குளிர்பானக் கம்பெனி ஒன்று கேட்கிறது, வாடகை கூடத் தருகிறது. நோட்டீஸ் ஒட்டினது ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது, அதையே காரணமாகக் காட்டி அவனை எடுத்துவிடு என்று கோலாலம்பூர் ஆபீஸ் சொல்கிறது. தீபாவளிக்கு முன்னால் எடுத்துவிட்டால் குமரன் எழுந்திருக்க மாட்டான். கையெழுத்துப் போடாவிட்டால் உன் நாற்காலி போகும். இதில் எது சரி என்று என்னைக் கேட்டாய். "குமரன் அண்ணனுக்கு இன்னும் தெரியாதும்மா" என்றும் கடைசியாகச் சொன்னாய். நான் போனை வைத்தது அந்த வார்த்தைக்குத்தான்.

என் கடைக்கு வந்துவிடுகிறேன் என்கிறாயே, அதற்கு மட்டும் உடனே பதில் சொல்ல முடியும் என்று நினைத்தேன், அதுவும் முடியவில்லை. முட்டி வலிக்கிறது, ஏணியில் ஏறிச் சரக்கு எடுக்க முடியவில்லை, உன் அப்பாவுக்கு வளையல் அளவு கடைசி வரை பிடிபடாது. நீ வந்தால் எனக்கு ஓய்வு. வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நீ வளையல் விற்க வர மாட்டாய் தம்பி, ஒளிந்துகொள்ள வருவாய். அப்படி வருகிறவன் வாசலில் வருகிற ஒவ்வொரு தெரிந்த முகத்துக்கும் பயந்துகொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பான். வாடிக்கையாளர் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். இது தாய் சொல்வது இல்லை, வியாபாரி சொல்வது. தாய் இன்னும் வா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை, உனக்கு எப்படிச் சொல்வேன்?

கையெழுத்துப் போடாதே என்று ஒரு மனது சொல்கிறது. நீ போடாவிட்டால் உன் இடத்தில் வருகிறவன் வந்த முதல் நாளே போடுவான், நாற்காலி தூக்கின பழக்கம்கூட அவனுக்கு இருக்காது என்று இன்னொரு மனது சொல்கிறது. போட்டுவிட்டு, குமரனுக்கு வேறு மாடியில் ஒரு மூலை வாங்கிக் கொடுக்க முடியுமா? கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஆனால் அங்கே யாரும் எண்ணெய்ப் பலகாரம் வாங்க மாட்டார்கள். தீபாவளி முடிகிறவரை தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார். முறுக்குக்கு நிற்கிற வரிசையைப் படம் எடுத்து அனுப்பு, ஜனங்கள் நடப்பதைத்தானே உன் முதலாளிகளும் விற்கிறார்கள். அந்தக் கைப்பைக் கடைப் பெண்ணிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கு. குமரன் திறந்த பிறகு தன் வியாபாரம் ஏறினது அவளுக்குத் தெரியும், புகார் கொடுத்தவளே பாராட்டினால் அதற்கு எடை அதிகம். இதெல்லாம் நடக்குமா என்று என்னைக் கேட்காதே. பேரம் பேசத்தான் எனக்குத் தெரியும், எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பேரம். உன் முதலாளிகளுக்கு முகம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

இவ்வளவு எழுதியும் போடு, போடாதே இரண்டில் ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. என் வயதில் இப்படிக் குழம்பி நிற்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று தெரிகிறது. முதல் தடவை நீ வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு சாவு வீடு காரணமாக இருந்தது. இந்தத் தடவை இல்லை. குமரன் வீட்டில் அடுப்பு எரிகிறது, கடையில் எண்ணெய் கொதிக்கிறது, பேசக்கூடாத இடம் எதுவும் இப்போது இல்லை. இதைப் படித்ததும், காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் நீ இறங்கிப் போ. ஆபீஸ் பையன் யாரையும் அனுப்பாதே, போனில் செய்தி தட்டாதே. நானும் வர மாட்டேன். நான் வந்தால் நீ அங்கே மேனேஜர் இல்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை ஆகிவிடுவாய். கோலாலம்பூரில் இருந்து என்ன சொல்கிறார்கள், உன்னால் என்ன முடியும், என்ன முடியாது, நீ எதற்குப் பயப்படுகிறாய், எல்லாவற்றையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அவன் திட்டுவான். மாவு பிசைந்த கையோடு உன் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பான். நின்று வாங்கிக்கொள். அவன் கேட்டு முடித்த பிறகு நீ எடுக்கிற முடிவு எதுவானாலும், கையெழுத்தோ ராஜினாமாவோ, அது எனக்குச் சம்மதம்.

அதை முதலில் அவனுக்குச் சொல். எனக்குப் பிறகு சொன்னால் போதும்.

அம்மா